ஐந்நூறாவது ஆள்

எங்கள் ஊரின் நிலவியலை நாலு வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மேலிடத்துப் படிவத்தில் அதற்கு ஒரு முழுப் பக்கம் விட்டிருக்கிறார்கள். வெற்றிடம் விடக் கூடாது என்று அடியில் அச்சடித்தும் இருக்கிறார்கள். ஆகவே வருஷா வருஷம் நான் ஒரு பக்கத்துக்கு எழுதுகிறேன்.

வடக்கே மலை. ஏறி நின்றால் ஊர்மன்றத் தலைவர் வீட்டு மாடி கண்ணுக்கு நேராகத் தெரியும், அவ்வளவு உயரம். தெற்கே ஓடை. ஒன்பது மாதம் ஆடுகள் அதில் நடந்து போகும், மழை பெய்யும் மூன்று மாதம் யாரும் போக முடியாது. மேற்கே முள்காடு. அதை 'வனவளம்' என்று எழுத வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது; வனவளம் என்றே எழுதுகிறேன். கிழக்கே தார்ச்சாலை. சாலை முக்கில் பேருந்து நிற்கும் இடமும் அங்கே கிடக்கும் பெஞ்சும் எங்களுடையவை. பெஞ்சுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள சாப்பாட்டுக் கடை அக்கரை ஊருக்குச் சொந்தம். ஓடைக்கு அப்பால் இருக்கிற ஊரின் எல்லை எப்படி ஓடையைத் தாண்டி வந்து ஒரே ஒரு கடையை மட்டும் வாரிக்கொண்டு போனது என்று என்னைக் கேட்கக் கூடாது. வரைபடம் போட்டவர் அந்த இடத்தில் தும்மியிருப்பார்.

ஊருக்குள் இரண்டு தெரு. வரைபடத்தில் மூன்று. அந்த மூன்றாவது தெருவை நான் முப்பது வருஷமாகத் தேடுகிறேன். அங்கே சாக்கடை அடைத்துக்கொண்டதாக ஒரு புகார் வந்து, சரிசெய்யப்பட்டதாகப் பதிலும் போயிருக்கிறது. இரண்டும் என் காலத்துக்கு முந்தியவை. என் காலத்தில் அந்தத் தெருவில் நான் ஒருவரையும் குடிவைக்கவில்லை. எனக்கும் எனக்கு முன்னால் இருந்த எழுத்தருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

ஆமாம், நான் இந்த ஊரின் எழுத்தர். பிறப்பு, இறப்பு, ஆடு, மாடு, கோழி, கிணறு என்று எல்லாவற்றுக்கும் பதிவேடு என்னிடம் இருக்கிறது. ஓர் எண் தப்பாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஊரார் நேரில் என்னை 'எழுத்தரே' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'சரிபார்ப்பு' என்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. பட்டப்பெயரிலாவது சரியாக இருக்கிறேன்.

மக்கள்தொகை 499.

இந்த எண்ணில்தான் வம்பு வந்தது. கணக்கெடுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐந்நூறு பேருக்குக் குறைவான ஊர்களில் உள்ள சுகாதார நிலையங்கள் மூடப்பட்டு, பக்கத்துப் பெரிய ஊருடன் இணைக்கப்படும். பக்கத்துப் பெரிய ஊர் என்றால் அக்கரை. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் யாருக்காவது மூச்சு வாங்கினால், ஓடை வடியும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான்.

தலைவர் உடனே கூட்டம் போட்டார், சுகாதார நிலையத்திலேயே. அது ஓர் அறை. ஒரு கட்டில், ஓர் எடைமேடை, பூட்டு கெட்ட ஓர் அலமாரி, ஒரு நர்ஸ். நர்ஸ் தினமும் அக்கரையிலிருந்து சைக்கிளில் வருகிறவள். தலைவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் சுவரோரம் நின்றார்கள்.

"ஒரு ஆள்தானே குறையுது. எழுதிடுங்க எழுத்தரே," என்றார் தலைவர். அடுத்தவர் பேனா என்றால் அவருக்குத் தாராள மனசு.

"யாரை எழுதறது?"

"யாரையாவது."

"மேற்பார்வையாளர் வீடு வீடா வருவார் தலைவரே. ஆளை நேர்ல பாத்தாத்தான் கையெழுத்துப் போடுவார்."

தலைவர் யோசித்தார். "தச்சரை எழுதுங்க. அவர் போய் ரெண்டு மாசம்தானே ஆகுது. ஊர்ல இன்னும் அவர் பேச்சாத்தான் இருக்கு."

"பேச்சை எண்ண முடியாது."

மளிகைக் கடைக்காரர் தன் மருமகளுக்கு இது ஒன்பதாவது மாதம் என்று ஞாபகப்படுத்தினார். எல்லோரும் நர்ஸைப் பார்த்தார்கள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றாள் அவள். தலைவர் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் முன்னாடி நகர்த்த முடியுமா என்று கேட்டார். கூட்டத் தேதியை மாற்றுவது மாதிரிதான் கேட்டார்.

"சுற்றறிக்கை பாத்தெல்லாம் கொழந்தை பொறக்காதுங்க," என்றாள் நர்ஸ்.

"அப்ப நீயே இங்க வந்து தங்கிடேன்மா."

"எனக்கு அங்க வீடு இருக்கு, வீட்ல மாமியார் இருக்காங்க. என்னை அங்க எழுதியாச்சு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஐயா, உங்க வீட்ல எத்தன பேருன்னு எழுதியிருக்கீங்க?"

அறையில் இருந்த அத்தனை பேரும் அதற்காகவே காத்திருந்தது போல என்னைப் பார்த்தார்கள்.

"ஒண்ணு," என்றேன்.

தப்பு சொல்லவில்லை. என் மனைவி என்னை விட்டுப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது.

அவள் போன காரணத்தை ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். நடந்தது இதுதான். கணக்கெடுப்புக்கு முன்னோடியாக வீட்டுப் பட்டியல் ஒன்று தயாரிக்க வேண்டும். பெயர், வயது, உறவு, வேலை. நான் வீட்டிலேயே உட்கார்ந்து 118 வீட்டுக்கும் எழுதி முடித்தேன். இந்த ஊரில் யார் வீட்டில் யார் என்ன என்று எனக்குத் தெரியாதா, எதற்கு வாசல் வாசலாகப் போய்க் கேட்க வேண்டும்? எழுதி முடித்து அவளிடம் கொடுத்தேன், சுத்தப் பிரதி எடுக்க.

இதையும் சொல்லிவிட வேண்டும். என் எழுத்தை யாராலும் படிக்க முடியாது. இந்த உலகத்தில் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இருபத்தாறு வருஷமாக இந்த ஊரிலிருந்து மேலிடத்துக்குப் போன ஒவ்வொரு காகிதமும் அவள் கையெழுத்தில் போனது. 'எழுத்து முத்து முத்தாக உள்ளது' என்று இரண்டு முறை பாராட்டுக் கடிதம் வந்தது. என் பெயருக்குத்தான் வந்தது.

அன்று சாயங்காலம் மாடு இரண்டையும் கறந்து, தண்ணீர் எடுத்து வைத்து, என் சட்டைக்குப் பொத்தான் தைத்து, அடுப்பில் உலை வைத்துவிட்டு, அவள் மேஜைக்கு வந்து பிரதி எடுக்க உட்கார்ந்தாள். பெண்கள் பெயருக்கு நேரே, வேலை என்ற கட்டத்தில், 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று எழுதிக்கொண்டே போனாள். கூலியோ சம்பளமோ வராத வேலை வேலையாகாது, விதி பதினான்கு. 162 பேருக்கு ஒரு வார்த்தை பேசாமல் எழுதினாள். 118-ஆம் வீடு எங்களுடையது. அங்கே வந்ததும் பேனா நின்றது.

"இதையும் நானே என் கையால எழுதணுமா?"

"விதி அப்படி," என்றேன். தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை.

அவள் பேனாவை மூடினாள். "சரி. இல்லாத வேலைய நான் நிறுத்தினா யாருக்கும் ஒண்ணும் தெரியப் போறதில்ல."

மறுநாள் காலையில் ஓடையைத் தாண்டி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பேனாவையும் எடுத்துக்கொண்டு போனாள். அந்த 163-ஆவது 'இல்லை'யை நானே எழுதினேன்.

அதற்குப் பிறகு மாடுகள் என்னைக் கண்டாலே கால் மாற்றி நிற்க ஆரம்பித்தன. தலைவர் வீட்டு ஆட்கள் வந்து அவற்றை ஓட்டிப் போய்விட்டார்கள். மேலிடத்திலிருந்து என் காகிதங்கள் 'எழுத்து விளங்கவில்லை' என்ற குறிப்போடு நாலு தடவை திரும்பி வந்தன. அவள் இல்லாத வீட்டுக்குள் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. அலுவலகத்தைப் பூட்டிவிட்டுச் சாலை முக்குக் கடையில் சாப்பிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, வராத பேருந்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவை போய்க் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் விதி பதினான்கு என் பக்கம் இருந்தது.

"நாளைக்கே போறோம்," என்றார் தலைவர் கட்டிலை விட்டு எழுந்து. என் மனைவியை நான் அழைத்து வருவதை ஊர்மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. நான் வாக்களிக்கவில்லை. ஆனால் நெஞ்சு வேகமாக அடித்துக்கொண்டது என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும்.

மறுநாள் தலைவர், நர்ஸ், நான் மூன்று பேரும் ஓடை மணலில் இறங்கி நடந்தோம். மச்சான் வாசலில் ஒரு பம்ப் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோட்டார் ரிப்பேர்தான் அவர் தொழில். கையெல்லாம் கிரீஸ்.

"வாங்க மாப்ள. மெலிஞ்சு போயிட்டீங்களே," என்றார். அக்கறையா குத்தலா என்று அவர் பேச்சில் கண்டுபிடிக்க முடியாது. "தங்கச்சி டியூட்டிக்குப் போயிருக்கா. இப்ப வந்துருவா."

"என்ன டியூட்டி?"

அவர் பதில் சொல்வதற்குள் அவளே தெருமுனையில் வந்தாள். தோளில் அரசு முத்திரை போட்ட பை. கழுத்தில் அட்டை. அதில் அவளுடைய புகைப்படம், அதன் கீழே 'கணக்கெடுப்பாளர், தற்காலிகம்'. மேலிடத்தில் யாரோ என் பழைய காகிதங்களின் எழுத்தையும் புதிய காகிதங்களின் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முத்தான எழுத்து யாருடையது என்று விசாரித்து அக்கரை ஊரின் கணக்கெடுப்பை அவளிடம் கொடுத்துவிட்டார்கள். அரசாங்கம் அபூர்வமாகத்தான் உண்மையைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்கும்போது நம் வயிற்றில் அடித்துவிட்டுத்தான் போகும்.

தலைவர் ஊரின் நிலையை உருக்கமாக எடுத்துச் சொன்னார். நடுவில் இரண்டு தடவை என்னை 'பாவம் மனுஷன்' என்றார். அவள் கேட்டுக்கொண்டு பையிலிருந்து பேனாவை எடுத்துத் துடைத்தாள். அது எங்கள் வீட்டுப் பேனா.

"நிலையம் மூடினா மழையில எல்லாரும் கஷ்டப்படுவாங்க. அதனால வர்றேன்," என்றாள். "இவருக்காக இல்ல."

"யாருக்காக இருந்தா என்னம்மா, நீ வந்தாப் போதும்," என்றார் தலைவர்.

"ரெண்டு விஷயம். அந்த நூத்து அறுவத்து மூணு பேர் வீட்டுக்கும் போய், ஒவ்வொருத்தரையும் நேர்ல கேட்டுத் திருப்பி எழுதணும். நானும் கூட வருவேன்."

"தாராளமா," என்றார் தலைவர். அலையப் போகிறவன் நான்.

"விதி பதினாலு..." என்று ஆரம்பித்தேன்.

"பதினாலுக்குக் கீழ ஒரு குறிப்பு இருக்கு. 'சம்பந்தப்பட்டவரைக் கேட்டு, அவர் சொன்னபடியே நிரப்ப வேண்டும்.' நான்தானே நகல் எடுத்தேன், எனக்குத் தெரியாதா? ரெண்டாவது, எனக்குத் தனி அடுப்பு, தனிப் படிவம். ஒரு அடுப்பு, ஒரு குடும்பம். விதி மூணு. என் குடும்பத்துக்கு நான் தலைவி. இவர் படிவத்துல நான் ஒரு வரியா இருக்க மாட்டேன்."

"ஆகட்டும்," என்று என் சார்பில் ஒப்புக்கொண்டார் தலைவர். மச்சான் மோட்டாரிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றி ஊதிப் பார்த்தார். விதிகளை அவள் சரியாகச் சொல்லியிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது, கூடவே கொஞ்சம் பெருமையும் வந்தது. பெருமையை வெளியே காட்டவில்லை.

மறுநாள் முதல் வாசல் தலைவருடையது. அவரே முன்னால் நின்று வரவேற்று, "எழுதிக்குங்க, வீட்ல சும்மாத்தான் இருக்கா," என்றார். என் மனைவி அவரைத் தாண்டி உள்ளே போனாள். தலைவர் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். பன்னிரண்டு ஆடு, எங்கள் இரண்டையும் சேர்த்து ஐந்து மாடு, கொல்லைக் காய்கறி, மாமனார் மருந்து, தலைவருக்குச் சொல்லிக் கொடுக்கும் மேடைப் பேச்சு. கட்டம் நிறைந்து, ஓரம் நிறைந்து, பின்பக்கமும் நிறைந்தது. இன்னொரு தாளைக் குண்டூசி குத்திச் சேர்த்தோம்.

"மேடைப் பேச்சு வேண்டாமே," என்றார் தலைவர்.

"அது உண்மைதானே," என்றாள் அவர் மனைவி. அதன்பின் தலைவர் எங்களோடு மற்ற வீடுகளுக்கு வரவில்லை.

ஆறு நாள் நடந்தோம். நான் கேட்டேன், அவள் எழுதினாள். தையல் தைப்பவள், செங்கல் சுமப்பவள், மூன்று வீட்டுக் குழந்தைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்ப்பவள் என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். மளிகைக் கடையில் தராசு பிடிப்பது மருமகள்தான் என்றும், கடைக்காரர் பெயர்ப்பலகையை மட்டும்தான் பிடித்திருக்கிறார் என்றும் தெரிந்தது. இத்தனை நாள் கையில் பதிவேட்டை வைத்துக்கொண்டு இதே தெருவில் நடந்தவன் நான். ஊரில் எத்தனை கோழி என்று சொல்லுவேன். அந்தக் கோழிக்கு யார் இரை போடுகிறார்கள் என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

வழியில் அவள் என்னிடம் கட்டத்தைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பின்கட்டு அறையில் தனி அடுப்பு வைத்துக்கொண்டாள். அங்கிருந்து தாளிக்கும் வாசனை வரும்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டு சாலை முக்குக் கடைக்குப் போய்விடுவேன். ஆள் வந்துவிட்டது, எண் சரியாகிவிட்டது, ஆனால் எனக்கு வேண்டியது எண் இல்லை என்று அந்த ஆறு நாளில் தெளிவாகத் தெரிந்தது.

கணக்கெடுப்பு நாளன்று மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று நிற மை. முதலில் மூன்றாவது தெரு எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். வரைபடத்தில் இருக்கிறதே என்றார். அரை மணி நேரம் தேடிவிட்டு, 'ஆள் நடமாட்டம் குறைவு' என்று எழுதிக்கொண்டார். பிறகு வீடு வீடாகத் தலைகளை எண்ணினார். ஊரே அவர் பின்னால் வந்தது. எண்ணப்பட்டவர்கள் வீட்டுக்குப் போகாமல் அடுத்த வீட்டைப் பார்க்க வந்ததால், யாரையும் இரண்டு தடவை எண்ணிவிடக் கூடாதே என்று எனக்கு வியர்த்தது. எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது சாயங்காலம், எண் 498.

அவர் பின்கட்டுக்குப் போனார். அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. என் மனைவி படிவத்தை நீட்டினாள். "குடும்பத் தலைவி, ஒருத்தர். சரி. 499," என்றார். தலைவர் மூச்சு விட்டார்.

"உங்க அடுப்பு?" என்று என்னைக் கேட்டார்.

முன்கட்டுச் சமையலறையைக் காட்டினேன். அடுப்புக்குள் பக்கத்து வீட்டுக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் இறகைச் சிலிர்த்தது.

"நீங்க எங்க சாப்பிடுறீங்க?"

தலைவர் இருமினார். நர்ஸ் என் முழங்கையை இடித்தாள். ஒரு பொய். ஒரே ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை. "சாலை முக்குக் கடையில."

"மூணு வேளையுமா?"

"மூணு வேளையும். நாலு மாசமா."

அவர் வரைபடத்தை விரித்தார். விரலை ஓட்டினார். "அந்தக் கடை அக்கரை ஊர்ல வருது. எந்த அடுப்புல சாப்பிடுறாரோ அந்த இடத்துல எண்ணணும். விதி மூணு. உங்களை நான் இங்க எழுத முடியாது."

"நான் சாப்பிடுறது இந்தப் பக்கத்துப் பெஞ்சுல உக்காந்து..." என்றேன்.

"அடுப்பு எந்தப் பக்கம்?"

அந்தப் பக்கம்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். முப்பது வருஷமாக இந்த ஊர் எல்லையைக் கல் கல்லாக அளந்தவன், நாலு மாதமாக எல்லைக்கு வெளியே குடியிருந்திருக்கிறேன். கூட்டத்தில் யாரோ, "இவரை நம்பித்தான்யா பதிவேடு இருக்கு," என்று முனகினார்கள்.

"பொழுது சாயறவரை நேரம் இருக்கு," என்றார் மேற்பார்வையாளர், இரக்கப்பட்டு. "யாராவது ஒரு குடும்பத் தலைவர் இவர் எங்க அடுப்புல சாப்பிடுறவர்னு சொல்லி, இன்னைக்கு ஒரு வேளை சாப்பாடும் போட்டா, அந்தப் படிவத்துல சேத்துக்கலாம்."

"எங்க வீட்ல எழுதிக்குங்க," என்று தலைவர் உடனே கையைத் தூக்கினார்.

"யாரைக் கேட்டு?" என்றது பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல். தலைவர் கையை இறக்கிக்கொண்டார்.

மற்ற ஆண்கள் எல்லோரும் அவரவர் மனைவியைப் பார்த்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மெல்ல மெல்ல எல்லாக் கண்களும் பின்கட்டுப் பக்கம் திரும்பின. என் மனைவி பானையைத் துழாவிக்கொண்டிருந்தாள். எனக்கு நிலையம் மறந்துவிட்டது, ஐந்நூறு மறந்துவிட்டது. அவள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லாவிட்டால் நான் இந்த ஊரிலும் இல்லை, எந்த ஊரிலும் இல்லை.

கரண்டியைத் தட்டி வைத்துவிட்டு அவள் ஒரு கட்டுக் கீரையைத் தரையில் போட்டாள். "என் அடுப்புல வேலை செய்யாம யாரும் சாப்பிடுறதில்ல," என்றாள், தலைவரிடம் சொல்வது போல. "கீரை ஆயணும்."

உட்கார்ந்தேன். ஊரே வாசலிலும் ஜன்னலிலும் நின்று பார்க்க, ஒவ்வொரு கிளையாக எடுத்து ஆய்ந்தேன். கவனமாகத்தான் செய்தேன். கால்வாசி முடிந்தபோது நர்ஸ் குனிந்து, "ஐயா, தண்டைத் தூக்கிப் போட்டுட்டு இலையை வைக்கணும். நீங்க இலையைத் தூக்கிப் போடுறீங்க," என்றாள். பெண்கள் சிரித்த சிரிப்பில் முன்கட்டில் கோழி கத்தியது. என் மனைவி சிரிக்கவில்லை. ஆனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். குப்பையிலிருந்து இலைகளைப் பொறுக்கி மறுபடி ஆய்ந்தேன்.

தட்டில் சோறும் கீரையும் வந்தன. அத்தனை பேர் பார்க்கச் சாப்பிட்டேன். நாலு மாதம் கழித்து அந்தக் கைச் சமையல். கீரையில் மண் இருந்தது, அது நான் ஆய்ந்த லட்சணம்.

மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்தார். "இவர் உங்களுக்கு என்ன உறவு?"

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "புருஷன்."

"வேலை?"

"அவரையே கேளுங்க. ஆளைக் கேக்காம எழுதக் கூடாது."

அவர் என்னைப் பார்த்தார். "ஊர் எழுத்தர்," என்றேன்.

"அது தெரியும். புதுப் படிவத்துல வீட்டு வேலையும் கேட்டு எழுதியிருக்கீங்களே, உங்களுக்கு என்ன போடட்டும்?"

யோசித்தேன். அவள் போன நாளிலிருந்து, அதற்கு முன்னாலிருந்து, கல்யாணமான நாளிலிருந்து தேடினேன். எழுத ஒன்றும் அகப்படவில்லை. "இல்லை," என்றேன். எவ்வளவு சுலபமாக எழுதிவிட்ட சொல். அதை வாயால் என்னைப் பற்றியே சொன்னபோது காது கூசியது.

அவர் எழுதப் போனார். அவள் குறுக்கிட்டாள்.

"கீரை ஆய்வார்னு எழுதிக்குங்க," என்றாள். "இன்னும் சரியா வரல."

எண் 500 ஆனது. தலைவர் ஒரு சின்ன உரை நிகழ்த்தத் தொண்டையைக் கனைத்தார். கூட்டம் அவர் மனைவியைப் பார்த்ததும் அப்படியே விட்டுவிட்டார்.

சுகாதார நிலையம் அதே அறையில் இருக்கிறது. மளிகைக் கடைக்காரரின் மருமகளுக்கு, நர்ஸ் சொன்ன மூன்று வாரக் கணக்குப்படி, யாருடைய அவசரத்துக்கும் ஆளாகாமல், அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. முன்கட்டு அடுப்பில் கோழி ஒன்பது குஞ்சு பொரித்தது, பதிவேட்டில் ஏற்றிவிட்டேன். அந்த அடுப்பை இன்னும் யாரும் பற்றவைக்கவில்லை. நான் பின்கட்டில்தான் சாப்பிடுகிறேன், தலைவியின் படிவத்தில் இரண்டாவது வரியாக.

இரண்டு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு கேள்விக் கடிதம் வந்தது. 'முன்னோடிப் பட்டியலில் வேலை இல்லாத பெண்கள் 163. கணக்கெடுப்பில் ஒருவரும் இல்லை. இந்தப் பிழை எவ்வாறு நேர்ந்தது என விளக்கம் தருக.'

நான் சொல்லச் சொல்ல எழுத அவள் பேனாவோடு உட்கார்ந்தாள். 'விதி பதினான்கின் கீழ்க்குறிப்பின்படி' என்று ஆரம்பித்தேன். பிடிக்கவில்லை. 'மறுவிசாரணையில் தெரியவந்தது யாதெனில்' என்றேன். அதுவும் பிடிக்கவில்லை. அவள் காத்திருந்தாள். கடைசியில் சொன்னேன்: "கணக்கெடுப்பில் பிழை இல்லை. பிழை முந்தைய பட்டியலில் உள்ளது. யாரையும் கேட்காமல் நான் எழுதியது."

அவள் பேனாவை மூடி என் பக்கம் தள்ளினாள். "இதை நீங்களே எழுதுங்க. உங்க கையெழுத்துல போகட்டும்."

மூன்று தாள் வீணானது. நாலாவது தாளில் எழுதி முடித்து அவளிடம் நீட்டினேன். விளக்கைப் பக்கத்தில் இழுத்து, முதல் சொல்லிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தாள்.

"புரியுதா?" என்று கேட்டேன்.

"புரியுது," என்றாள்.